அணி மாறிய மாயாவி, மாறாத இரும்புக்கை

அறிமுக ஆட்டத்திலேயே எதிரணிக்காகக் களமிறங்கியவர் இரும்புக்கை மாயாவி. 1962 அக்டோபரில் பிரிட்டனின் ‘வேலியன்ட்’ வார இதழில் லூயிஸ் கிராண்டெல் தோன்றியபோது அவர் நாயகனே அல்ல. விபத்தில் வலது கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்ட ஆய்வக உதவியாளர். இன்னொரு விபத்தில் மின்சாரம் பாய்கிறது. உடல் மறைகிறது, இரும்புக்கை மட்டும் தெரிகிறது. கிடைத்த வித்தையை வைத்துக் கொள்ளையடிக்கிறார். நியூயார்க் நகரத்தையே மிரட்டுகிறார்.

1972இல் சிவகாசி முத்து காமிக்ஸ் தன் முதல் இதழாகவே இவரைத் தமிழுக்குக் கொண்டுவந்தது. தருமபுரி, அரூர், பாலக்கோடு பக்கம் அந்த இதழ்களைக் கைமாற்றிப் படித்து வளர்ந்தவர்களிடம் கேளுங்கள்: “நம்ம மாயாவியா? தங்கமான மனுஷன்” என்பார்கள். கொள்ளைக்காரன் எப்படித் தங்கமானான்?

மாயாவியின் ஆட்டத்தை நான்கு கட்டமாகப் பிரிக்கலாம். முதலாவது, குற்றவாளி. இரண்டாவது, திருந்தியவர்: விபத்தில் புத்தி பேதலித்ததால்தான் அப்படி நடந்துகொண்டார் என்று கதையிலேயே மன்னிப்பு கிடைத்தது. மூன்றாவது, நிழற்படை என்ற ரகசிய அமைப்பின் உளவாளி. விரல்களுக்குள் துப்பாக்கியும் வாயுவும் குடியேறின. முதல் ஜேம்ஸ் பாண்ட் படம் வெளியானதும் அதே 1962 அக்டோபரில்தான் என்பதை நினைவில் வையுங்கள். சந்தை உளவாளிகளைக் கேட்டது. நான்காவது, அறுபதுகளின் பிற்பாதியில் சில காலம் தனி உடை அணிந்த சூப்பர் ஹீரோ. 1966இல் பேட்மேன் தொலைக்காட்சித் தொடர் கிளப்பிய மோகம் எந்தப் பக்கம் காற்றடித்தது என்று காட்டும்.

குற்றவாளியைத் திருத்தியதற்குப் பின்னால் எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. வாரத்துக்குச் சில பக்கம், கடைசிக் கட்டத்தில் ஒரு திகில்: இதுதான் அன்றைய பிரிட்டிஷ் தொடர்களின் ஆட்ட முறை. வில்லனை மையமாக வைத்தால் என்றாவது ஒருநாள் அவன் பிடிபட்டாக வேண்டும். பிடிபட்டால் தொடர் காலி. அவனையே பிடிப்பவனாக மாற்றிவிட்டால் வருடக்கணக்கில் ஓட்டலாம்.

இதே கணக்கில் தேறியவர் இன்னொருவர், குற்றச் சக்கரவர்த்தி ஸ்பைடர். பிரிட்டனில் 1965இல் அறிமுகம். தமிழில் 1984இல் தொடங்கிய லயன் காமிக்ஸின் நட்சத்திரம். குற்ற உலகின் மன்னனாவதே அவர் லட்சியம். பிரிட்டனில் அறிமுகமான அடுத்த ஆண்டே எழுதும் பொறுப்பு ஜெர்ரி சீகலுக்குப் போனது. ஜோ ஷஸ்டருடன் சேர்ந்து சூப்பர்மேனைப் படைத்த அதே சீகல்! ஸ்பைடர் மெல்ல மற்ற குற்றவாளிகளை வேட்டையாடத் தொடங்கினார். தற்பெருமை மட்டும் குறையவில்லை.

சீகலுக்கு இது பழகிய பாதை. 1933இல் அவர் எழுதிய சிறுகதையில் ‘சூப்பர்மேன்’ என்ற பெயர் கொண்டவன் வில்லன். 1938இல் வந்த நாயகனும் சாது அல்ல. மனைவியை அடிப்பவனைச் சுவரில் மோதுவார், ஊழல்வாதிகளைக் கதிகலங்க வைப்பார். சட்டத்தின் செல்லப்பிள்ளையானது பிறகுதான்.

தருமபுரி அகழ்வைப்பகத்தில் இருக்கும் நடுகற்களை இத்துடன் ஒப்பிடலாம். ஆநிரை மீட்கப் போய் விழுந்த வீரனின் கையில் ஆயுதம். கல்வெட்டில் மன்னனின் ஆட்சியாண்டு, வீரனின் பெயர், அவன் செய்த செயல். ஒரே செயல், ஒரே நிலை. இறந்துவிட்டதால் அவன் குணத்தை இனி யாரும் திருத்த முடியாது. காமிக்ஸ் நாயகனுக்கோ சாவு இல்லை, ஓய்வு அறிவிப்பும் இல்லை. ஒவ்வொரு பத்தாண்டும் புதிய வாசகன் வருகிறான். நாயகனின் வயது அப்படியே நிற்க, குணம்தான் நகர வேண்டியிருக்கிறது.

பாத்திரம் மாறுவதில் பிழையில்லை. 2003 உலகக் கோப்பையில் அணியின் தேவைக்காக ராகுல் திராவிட் விக்கெட் கீப்பர் கையுறை மாட்டினார். பேட்டிங் நுட்பத்தை விட்டுக்கொடுக்கவில்லை. மாயாவியிடமும் விட்டுக்கொடுக்காத நுட்பம் ஒன்று உண்டு. மறைய வேண்டுமென்றால் மின்சாரம் பாய வேண்டும். பாய்ந்த சக்தி கொஞ்ச நேரத்தில் தீர்ந்துவிடும். மறைந்தாலும் கை காட்டிக்கொடுக்கும். கென் பல்மர் தொடங்கிய கதையை டாம் டல்லி நெடுங்காலம் எழுதினார். பெரும்பகுதியை வரைந்த ஸ்பானிய ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ, வெற்றிடத்தில் மிதக்கும் அந்தக் கையை ஒவ்வொரு கட்டத்திலும் நம்ப வைத்தார்.

என் மதிப்பீட்டில் உளவாளி மாயாவிக்கே முதலிடம். எதிரியின் கோட்டைக்குள் சக்தி தீர்ந்துபோகும் பயம் அங்கேதான் முழுதாக வேலை செய்தது. உடை மாட்டிய மாயாவிக்குக் கடைசி இடம். அங்கே வலிமை கூடியது, பதற்றம் போனது. இனி இவரை எழுத வருபவர்கள் நல்லவராக்கட்டும், கெட்டவராக்கட்டும். மின்சாரம் தீரும் நேரத்தை மட்டும் நீட்டிவிட வேண்டாம்.