ஆறு போன பிறகு வந்தவர்கள்

கோவிலம்பாக்கத்தில் மழைக்காலம் வந்தால் டீக்கடையில் எல்லோரும் நீரியல் நிபுணர்கள். "கீழ்க்கட்டளை ஏரி ரொம்பிடுச்சு சார். அடுத்தது நாராயணபுரம், அப்புறம் பள்ளிக்கரணை" என்று தண்ணீருக்கு ரூட் போட்டுக் கொடுப்பார்கள். 2015 டிசம்பரில் அந்த ரூட்டில் எங்கள் வீட்டு ஹாலும் இருந்தது. புத்தகங்களைப் பரணில் ஏற்றும்போது பாதி நனைந்த பழைய பாடநூல் ஒன்று கையில் சிக்கியது. மொகஞ்சதாரோ ஏன் அழிந்தது? வெள்ளத்தால். முழங்கால் தண்ணீரில் நின்று படித்ததால் உடனே நம்பிவிட்டேன்.

தண்ணீர் வடிந்ததும் சந்தேகம் வந்தது. வெள்ளம் வந்தால் ஊர் அழிந்துவிடுமா? கோவிலம்பாக்கம் அழியவில்லையே. வாடகைகூடக் குறையவில்லை.

சிந்துவெளியின் முடிவைப் பற்றி எழுதப்பட்டவற்றைத் தேடிப் படித்தால், ஒரு மர்மக்கதை மாதிரி இருக்கிறது. ஒவ்வொருவரும் ஒரு குற்றவாளியைப் பிடித்து வருகிறார்கள். 1947-ல் மார்ட்டிமர் வீலர், மொகஞ்சதாரோவில் கிடைத்த சில எலும்புக்கூடுகளை வைத்துக்கொண்டு ஆரியப் படையெடுப்பையும் இந்திரனையும் கூண்டில் ஏற்றினார். 1964-ல் ஜார்ஜ் டேல்ஸ், அந்த எலும்புகள் ஒரே நாளில் விழுந்தவை அல்ல, படுகொலை என்பதே கற்பனை என்று கேஸை உடைத்தார். ராபர்ட் ரெய்க்ஸ் என்ற நீரியல் நிபுணர், ஆற்றின் கீழ்ப்பகுதியில் நிலம் உயர்ந்து அணை மாதிரி மறித்ததால் தேங்கிய நீரில் நகரம் மூழ்கியது என்றார். சிந்துவில் ஐ.சி.எஸ். அதிகாரியாக இருந்த லாம்ப்ரிக் அதை மறுத்தார். அப்படி ஒரு மண் தடுப்பை சிந்து நதி அறுத்துக்கொண்டு போய்விடும், ஆறு திசைமாறி ஊரைக் கைவிட்டதுதான் காரணம் என்றார். ஒருவர் தண்ணீர் வந்ததால் அழிந்தது என்கிறார், இன்னொருவர் தண்ணீர் போனதால் என்கிறார். செத்தது ஒரே ஆள்!

எனக்குச் சுவாரசியமாகப் பட்டது காளிபங்கன். ராஜஸ்தானில், தார் பாலைவனத்தின் ஓரத்தில், கக்கர் பள்ளத்தாக்கில் உள்ள ஹரப்பா கால ஊர். பெரிய ஆறு ஓடிய தடம் அங்கே நிலத்தில் தெரிகிறது. 'பெரிய ஆறு இருந்தது, ஊர் வளர்ந்தது. ஆறு வற்றியது, ஊர் காலி' என்றுதான் பலகாலம் சொல்லி வந்தார்கள். கேட்க லட்சணமாக இருக்கிறது, இல்லையா?

2017-ல் கான்பூர் ஐ.ஐ.டி.யும் லண்டன் இம்பீரியல் கல்லூரியும் சேர்ந்த ஒரு குழு அங்கே துளை போட்டு, மணலின் வயதைக் கணித்தது. சட்லெஜ் நதி அந்தத் தடத்தை விட்டு விலகியது சுமார் 8,000 வருஷங்களுக்கு முன்பே என்றார்கள். ஹரப்பா நகரங்கள் தலையெடுத்தது சுமார் 4,600 வருஷங்களுக்கு முன். அதாவது, ஆறு போய்ப் பல நூற்றாண்டுகள் கழித்துத்தான் ஊர் வந்தது. இமயமலையிலிருந்து சீறி வரும் ஆற்றின் கரையில் செங்கல் வீடு கட்டினால் எத்தனை நாள் நிற்கும்? பெரிய ஆறு விட்டுப்போன பள்ளத்தில் பருவமழை ஓடையும், தோண்டினால் நிலத்தடி நீரும் இருந்தன. வெள்ளம் வந்தாலும் மிதமாக வரும். குடியிருக்க அதுதான் தோது.

2019-ல் வேறொரு ஆய்வுக்குழு, இல்லை, 4,500 வருஷங்களுக்கு முன்புவரை அதில் வற்றாத நீரோட்டம் இருந்தது என்று மறுத்தது. இந்த வழக்கு முடியவில்லை. அதனால்தான் 'சரஸ்வதி' என்ற பெயரைக் கேட்டதும் பரவசப்படுகிறவர்களும், கேட்டதும் கோபப்படுகிறவர்களும் கொஞ்சம் பொறுக்கலாம் என்கிறேன்.

என் புகார் வேறு. நகரமாக சுமார் 700 வருஷம் வாழ்ந்த மக்களைப் பற்றி, எப்படிச் செத்தார்கள் என்று மட்டுமே கேட்கிறோம். எப்படிச் சமாளித்தார்கள்? மொகஞ்சதாரோவில் பிரம்மாண்ட மண் மேடை போட்டு அதன்மேல் ஊரைக் கட்டினார்கள். கட்ச் பாலையில் தோலாவிராவில் மன்சர், மன்ஹர் என்ற இரண்டு காட்டாறுகளை மறித்து, வரிசையாக நீர்த்தேக்கங்கள் வெட்டினார்கள். பருவமழை பலவீனமானபோது கிழக்கே நகர்ந்து சின்னச் சின்னக் கிராமங்களாகப் பிரிந்தார்கள் என்று 2012-ல் லிவியு ஜியோசன் குழுவினர் எழுதினார்கள். இதை 'அழிவு' என்பதா, 'வீடு மாற்றினார்கள்' என்பதா? பாடநூலும் டி.வி. டாக்குமெண்டரியும் முதல் வார்த்தையைத்தான் விரும்புகின்றன. அதில் பின்னணி இசை போட வசதி.

கதையில் தண்ணீர் வில்லனும் இல்லை, ஹீரோவும் இல்லை. வீட்டு ஓனர் மாதிரி. அவர் குணம் தெரிந்து குடியிருந்தவர்கள் நீடித்தார்கள்.

இப்போது நம்ம ஏரியாவுக்கு வாருங்கள். அவர்கள் வாழ்ந்தது பெரும் ஆறு விலகிய பள்ளத்தில். நாம் தண்ணீர் இன்னும் கிளம்பாத இடத்தில் பத்திரம் பதிகிறோம். நாராயணபுரம் ஏரியின் குறுக்கே ரேடியல் ரோடு போகிறது. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு 2022-ல் ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது, ஆனால் பழைய சதுப்பில் பெரும்பகுதி அதற்கு முன்பே கட்டடமாகிவிட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தண்ணீர் தன் பழைய விலாசத்தை மறக்காமல் தேடி வந்தது.

அடுத்த முறை ஃபிளாட் பார்க்கப் போகும்போது, மெட்ரோ எவ்வளவு தூரம் என்று கேட்பதற்கு முன், மழைத்தண்ணீர் இங்கிருந்து எங்கே போகும் என்று கேளுங்கள். புரோக்கர் சொல்ல மாட்டார். டீக்கடையில் சொல்வார்கள்.