வெசூவியசின் முன் ஒரு நோர்வே ஓவியர்: இயற்கைக்காட்சியும் சமூகப் பார்வையும்

இயற்கைக்காட்சி ஓவியம் சமூகச் சார்பற்றது என்ற கருத்து இன்றும் செல்வாக்குடன் நிலவுகின்றது. மலையும் கடலும் எந்த வர்க்கத்துக்கும் உரியனவல்ல. ஆகவே அவற்றைத் தீட்டுபவரும் வர்க்கங்களுக்கு அப்பாற்பட்டவர் என்பது அதன் சாரம். நோர்வே நாட்டவரான ஜொஹான் கிறிஸ்டியன் டால் 1821 இல் வரைந்த வெசூவியஸ் ஓவியம் இக்கருத்தைப் பரிசீலிப்பதற்கு ஏற்ற சான்றாகும்.

1788 இல் பேர்கன் நகரில் ஒரு மீனவரின் மகனாகப் பிறந்த டால், கொப்பன்ஹேகன் கலைக்கழகத்திற் பயின்று, 1818 இல் ஜேர்மனியின் டிரெஸ்டன் நகரிற் குடியேறினார். மனோரதிய ஓவியத்தின் தலைசிறந்த பிரதிநிதியான கஸ்பார் டேவிட் பிரீட்ரிக்கின் நட்பு அங்கு அவருக்குக் கிட்டியது. 1820 இல் டென்மார்க் இளவரசர் கிறிஸ்டியன் பிரெடெரிக்கின் அழைப்பை ஏற்று நேப்பிள்ஸ் சென்ற அவர், குயிசிசானா என்னும் அரச மாளிகையில் அவரது விருந்தினராகத் தங்கினார். அவ்வாண்டு டிசம்பரில் வெசூவியஸ் குமுறியபோது மலைமீதேறி அதனை நேரிற் கண்டார்.

நேரனுபவத்தின் முத்திரை ஓவியத்தில் தெளிவாகவுள்ளது. அவருக்கு முன் வெசூவியசைத் தீட்டிய வொலேர் போன்றோர், நிலவொளியையும் தீயொளியையும் எதிரெதிரே நிறுத்தி எரிமலையை ஒரு வாணவேடிக்கையாக்கினர். டாலோ புகையின் கனத்தையும், குழம்பு இறுகிக் கருமையடையும் விதத்தையும், தொலைவில் விரியும் வளைகுடாவையும் உற்றுநோக்கிய கண்ணோடு தீட்டுகின்றார். அழைத்த இளவரசர் கனிப்பொருளியலில் ஈடுபாடு மிக்கவர் என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது. இயற்கையை ஆராய்ந்தறியும் அக்கால அறிவியல் வேட்கையும் மனோரதிய வியப்பும் இவ்வோவியத்தில் ஒன்றிணைகின்றன.

ஆயின், இக்காட்சி யாருக்காகத் தீட்டப்பட்டது? ஓவியத்திலுள்ள சிறு மனித உருவங்கள் இவ்வினாவுக்கு விடை தருகின்றன. எரிமலையை வியந்து நிற்போர் வழிப்பயணிகள். அவர்களை அழைத்துவந்த உள்ளூர் வழிகாட்டிகளுக்கும் சுமைவிலங்குகளுக்கும் அது நாளாந்தப் பிழைப்பின் களம். ஒரே மலை ஒருவருக்குக் காட்சியாகவும் மற்றவருக்கு உழைப்பாகவும் அமைவதை ஓவியர் மறைக்கவில்லை, அதனை வினாவுக்குட்படுத்தவுமில்லை. 1824 இலும் 1826 இலும் இதே பொருளை அவர் மீண்டும் தீட்டியமை, அக்காட்சியை விரும்பி வாங்குவோர் இருந்தமையைக் காட்டுகின்றது.

இதனினும் முக்கியமானது ஓவியச் சட்டகத்துக்கு வெளியே நிகழ்ந்தது. 1820 ஜூலையில் நேப்பிள்ஸில் கார்பொனாரிப் புரட்சி வெடித்து, மன்னர் பேர்டினாண்ட் அரசியல் யாப்பொன்றை ஏற்க நிர்ப்பந்திக்கப்பட்டார். 1821 மார்ச்சில் ஒஸ்திரியப் படைகள் அப்புரட்சியை நசுக்கின. டால் அங்கு வாழ்ந்த மாதங்கள் இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் இடைப்பட்டவை. எரிமலை புரட்சியின் குறியீடாக ஐரோப்பாவிற் பெருவழக்குப் பெற்றிருந்தமையால், இவ்வோவியத்தையும் அவ்வாறே வாசிக்கச் சிலர் விழையலாம். அத்தகைய வாசிப்புக்கு ஓவியத்தில் அகச்சான்று எதுவுமில்லை. விமர்சகர் தாம் காண விரும்புவதைப் படைப்பின்மீது ஏற்றுவது முற்போக்கு விமர்சனமாகாது. மறுபுறம், புரட்சியைத் தீட்டவில்லை என்று ஓவியரைக் கண்டிப்பதும் இயந்திரப் பாங்கானதே. அம்மௌனம் எத்தகைய சமூக உறவிலிருந்து பிறந்தது என்பதை விளக்குவதே நமது கடமை.

அவ்வுறவும் எளிமையானதன்று. டாலைப் புரந்த அதே இளவரசர், 1814 இல் நோர்வேயின் அரசியல் யாப்பின்கீழ் மன்னராகத் தெரிவுசெய்யப்பட்டு, சில மாதங்களில் முடிதுறக்க நேர்ந்தவர். அதன்பின் நோர்வே சுவீடனுடன் ஒரே முடியின்கீழ் இணைக்கப்பட்டது. நோர்வேயில் யாப்பரசின் எழுச்சியையும் அதன் மன்னரின் முடிதுறப்பையும் அறிந்திருந்த இருவர், நேப்பிள்ஸில் அதே நாடகம் மீண்டும் அரங்கேறியபோது அரச மாளிகையின் பக்கத்திலேயே இருந்தனர். புரவலரை அண்டி வாழும் கலைஞரின் வரலாற்று எல்லை இங்குப் புலனாகின்றது.

எனினும் அவ்வெல்லை அவரது சாதனையை இல்லாதாக்கிவிடவில்லை. இத்தாலியிற் கூர்மை பெற்ற அவதானிப்பை அவர் 1826 இல் நோர்வேக்கு மேற்கொண்ட பயணத்திலே தம் நாட்டு மலைகள்மீதும் அருவிகள்மீதும் செலுத்தினார். பிற்காலத்தில் நோர்வேயின் பழைய மரத்தேவாலயங்களைக் காக்கவும் உழைத்தார். அந்நிய நிலத்தில் அவர் விருந்தினர். அங்குள்ள மக்களின் வரலாறு அவர் கண்ணிற் படவில்லை. அங்குப் பயின்ற பார்வை தாயகத்தில் ஒரு தேசியக் கலை மரபுக்கு வித்திட்டது. நிலத்தை உண்மையாகக் காண்பதும் அந்நிலத்து மக்களை உண்மையாகக் காண்பதும் ஒன்றல்ல என்பதே இவ்வோவியம் நமக்கு உணர்த்துவது.