வாசலில் ஒரு சொல்

புத்தகம் காலில் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளச் சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். எழுதிய தாள் தரையில் கிடந்தால்கூடச் சுற்றிக்கொண்டு போவோம். அதே நாம்தான், வருகிறவர் கால் வைக்கும் இடம் பார்த்து, மாவால் ‘நல்வரவு’ என்று எழுதுகிறோம். மிதிபடும் என்று தெரிந்தே எழுதுகிற எழுத்து உலகில் அதிகம் இருக்காது. அதன் அழகை நான் சின்னாளப்பட்டியில்தான் நின்று பார்க்கக் கற்றேன்.

திண்டுக்கல்லிலிருந்து மதுரை போகும் வழியில், காந்திகிராமத்தை ஒட்டிய நெசவாளர் ஊர். கிழக்கே சிறுமலை. மார்கழி, தை மாதங்களில் வெளிச்சம் மலையைத் தாண்டி வருவதற்குள் வாசல் தெளித்து முடிந்திருக்கும். சாணநீர் பட்ட தரை கரும்பச்சையாக ஈரம் கோத்துக் கிடக்கும். அந்த ஈரம்தான் காகிதம். காய்ந்த மண்ணில் மாவு காற்றோடு போய்விடும். சேறாக இருந்தால் கரைந்துவிடும். நடுவில் ஒரு பதம் இருக்கிறது. அது அதிக நேரம் நிற்காது. எழுதுகிறவர் அதற்குள் எழுதி முடிக்க வேண்டும்.

பேனா தாளைத் தொட்டு இழுக்கும். எழுத்தாணி ஓலையைக் கீறும். கோலம் போடும் விரல்களோ தரையைத் தொடுவதில்லை. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலிருந்து மாவு ஒழுக, கை மேலே நகர்கிறது, கோடு கீழே விழுகிறது. கை தயங்கினால் கோடு தடிக்கும், விரைந்தால் மெலியும். ‘வ’வின் சுழியில் சற்று நின்று திரும்பும் கையின் பழக்கம், ‘ர’வின் நேர்கோட்டில் அது எடுக்கும் வேகம், ‘வு’வின் காலில் கீழிறங்கும்போது மாவு தீர்ந்து மீண்டும் கிள்ளி எடுத்த இடம், எல்லாம் தரையில் தெரியும். ஒரே தெருவில் பத்து வாசலில் அதே ஐந்து எழுத்து இருந்தாலும் பத்தும் வேறு.

எனக்கு மிகவும் பிடித்தது ‘ல்’லின் தலையில் விழும் புள்ளி. மெய்யெழுத்து புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் விதித்தது. ஆனால் ஓலையில் எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளியை விட்டுவிட்டார்கள், எழுத்தாணியின் கூர் அழுந்தினால் ஓலை கிழியும் என்பதால். ஓலைக்கு அபாயமான அந்தப் புள்ளி வாசலில் எவ்வளவு சுலபமாக வந்துவிடுகிறது! ஒரு சிட்டிகை மாவு, அவ்வளவுதான். விழுந்த இடத்தில் ஓரம் கலைந்து, முல்லை மொட்டுப்போல் குவிந்து நிற்கும். சின்னாளப்பட்டிக்குப் புள்ளியின் அருமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. சுங்குடிப் புடவையால் பெயர் பெற்ற ஊர் அது. துணியை நகநுனியில் கிள்ளி, நூலால் இறுகச் சுற்றி, சாயத்தில் தோய்த்து, பிறகு முடிச்சை அவிழ்த்தால் சாயம் ஏறாத இடம் புள்ளியாக மலரும். இன்று மெழுகும் அச்சும் அந்த வேலையை எடுத்துக்கொண்டாலும், புள்ளி புள்ளிதான். புடவையில் அது மறைய ஆண்டுகள் ஆகும். வாசலில் ஒரு காலைப்பொழுது.

மாவிலும் பல உண்டு. கல்மாவு பளிச்சென்று வெளுக்கும். அரிசிமாவு கொஞ்சம் மங்கல்தான். ஆனால் எறும்பும் குருவியும் தேடி வரும். அரிசியை ஊறவைத்து அரைத்துக் கரைத்துப் போடும் மாக்கோலத்தின் நடத்தை இன்னும் அழகு. போடும்போது சரியாகக் கண்ணுக்குத் தெரியாது. ஈரம் காயக் காயத்தான் வெண்மை மேலே வரும். எழுதிய கை உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்த பிறகு, ஆளில்லாத வாசலில் எழுத்து தானாகத் துலங்கும்.

தானாகத் தோன்றி மறையும் எழுத்து வேறிடத்திலும் உண்டு. நியூயார்க்கில் 2008இல் வடிவமைப்பாளர் ஸ்டெஃபான் சாக்மைஸ்டர், டைச் ப்ராஜெக்ட்ஸ் என்ற காட்சிக்கூடத்தில் பத்தாயிரம் வாழைப்பழங்களால் ஒரு சுவரை நிறைத்தார். மஞ்சள் பழங்களின் நடுவே பச்சைக் காய்களால், தன்னம்பிக்கை நல்ல பலன் தரும் என்ற பொருளில் ஒரு வாக்கியம். சில நாளில் காயும் பழுத்து மஞ்சளாக, வாக்கியம் மறைந்தது. சுற்றியிருந்த பழங்கள் கறுத்தபோது மீண்டும் தெரிந்தது. எல்லாம் கறுத்ததும் போய்விட்டது. சிறுமலை வாழைப்பழத்தை அறிந்த நமக்கு அந்த நிறமாற்றம் புரியாததல்ல. ஆனால் அங்கே எழுத்தை அழித்தது காலம். நம் வாசலில் எழுத்தை அழிப்பது மனிதர்கள். இரண்டும் ஒன்றல்ல.

அழித்து அழித்து எழுதுவதிலேயே தொடங்கியது நம் படிப்பு. திண்ணைப் பள்ளியில் மணலைப் பரப்பி விரலால் எழுதினார்கள். அழிக்க உள்ளங்கை போதும். ‘மலபார்’ பள்ளி ஒன்றில் பிள்ளைகள் இப்படி எழுதுவதைப் பார்த்த ஆண்ட்ரூ பெல் என்பவர், சென்னை எழும்பூர் அநாதைப் பிள்ளைகள் விடுதியில் அதைக் கையாண்டார். 1797இல் அவர் வெளியிட்ட நூல் வழியே அந்த மணல் இங்கிலாந்துப் பள்ளிகளுக்கும் போனது. விஜயதசமியன்று குழந்தையின் விரல் பிடித்துத் தட்டில் பரப்பிய அரிசியில் ‘அ’ எழுதவைக்கிறோமே, அதுவும் இதே வழிதான். அரிசியில் எழுத்து நிற்காது, கையில் நின்றுவிடும்.

நிலைத்த எழுத்தும் நம் பக்கம் உண்டு. இதே மாவட்டத்தில், பழனிக்குத் தென்மேற்கே உள்ள பொருந்தலில் பேராசிரியர் கா. ராஜன் நடத்திய அகழாய்வில், ஒரு கல்லறைக் குழியில் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த புரிமனையும், நான்கு கால் சாடி ஒன்றில் நெல்லும் கிடைத்தன. அந்த நெல்லின் காலம் கி.மு. 490 என்று கணிக்கப்பட்டது. எழுத்தும் நெல்லும் ஒரே குழியில் இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டு கிடந்திருக்கின்றன! நினைத்தால் கண் கலங்கும் செல்வம் அது. ஆனால் அவை அப்படியே இருந்ததற்குக் காரணம், மூடிய அந்த இடத்துக்குள் யாரும் வரவில்லை என்பதுதான்.

வாசல் திறந்த இடம். பால்காரர் வருவார், பள்ளிப் பிள்ளைகள் ஓடுவார்கள், நூல் சிட்டம் சுமந்து யாராவது நுழைவார்கள். சின்னாளப்பட்டியின் குறுகிய தெருக்களில் நான் கவனித்திருக்கிறேன்: பெரும்பாலும் முதலில் கலைவது நடு எழுத்தான ‘வ’. நடப்பவர் கால் நடுவில்தான் விழும். பிறகு ‘ர’. ஓரத்து ‘ந’ கொஞ்ச நேரம் தாங்கும்; அதன் மேல் எறும்பு வரிசை கட்டும். வெயில் ஏறும்போது ‘ல்’லின் புள்ளி மட்டும் மிஞ்சியிருப்பதும் உண்டு. ‘வருக’ என்று அழைக்கும் சொல்லை அழிப்பது வருகைதான். யாரும் வராத வீட்டில் மாலைவரை முழுதாகக் கிடக்கும் ‘நல்வரவு’ அழகானதுதான். ஆனால் அதைப் பார்க்கும்போது மனம் கொஞ்சம் கனக்கும்.

அதனால்தான் எழுத்தை மதிக்கும் நாம் இந்த ஒரு சொல்லைத் தரையில் வைத்தோம் என்று நினைக்கிறேன். அதிகாலையில் அந்தத் தெருக்களில் நடந்து பாருங்கள். கண் நிறையப் பார்க்கும் வரை ஒதுங்கியே நில்லுங்கள். வீட்டுக்காரம்மா “உள்ளே வாங்க” என்று கூப்பிட்டால் மட்டும் தயங்காதீர்கள். மிதித்துக்கொண்டே போங்கள். அவர் எழுதியது அதற்காகத்தான்.