வீடு யாருடையது, முத்திரை யாருடையது

சேலம் அழகாபுரத்தில் ஒரு தோழியின் வீட்டு மொட்டைமாடி. ஜமக்காளம் விரித்து இருபது பேர் உட்கார்ந்திருந்தோம். மைக் கிடையாது. என்னிடம் முன்பு படித்த மாணவியும் அவளுடைய சிநேகிதியும் தாங்களே எழுதி மெட்டமைத்த பாட்டுகளைக் கிதாரோடு பாடினார்கள். கல்யாணத்துக்குப் பிறகு வீட்டுத் திண்ணையில் துருப்பிடித்து நின்றுபோன சைக்கிளைப் பற்றி ஒரு பாட்டு. அது முடிந்தபோது யாரும் உடனே கைதட்டவில்லை. நான் தண்ணீர் குடிக்கக் கீழே இறங்கினேன். தோழி அடுப்படியில் இருந்தாள். "நீ போய் உட்காரு புள்ள, கடைசிப் பாட்டுக்கு வந்துடறேன்" என்றாள். டீத் தட்டோடு அவள் மாடிக்கு வந்தபோது கிதாரை உறைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

நாமக்கல்லுக்குத் திரும்பும் பேருந்தில் இதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன். வீட்டுக் கச்சேரியை மேடையிலிருந்து கிடைத்த விடுதலை என்று சொல்கிறோம். சபா இல்லை, டிக்கெட் இல்லை, பாடுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் இடையே ஒரு முழம்தான் தூரம். பாடிய பெண்களுக்கு அது விடுதலைதான். அந்த வீட்டுப் பெண்ணுக்கு?

வீட்டுக் கச்சேரி நமக்குப் புதிதல்ல. வீணை தனம்மாள் (1867–1938) சென்னை ஜார்ஜ் டவுனில் தம் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசித்தார். நகக்கட்டு அணியாமல் வெறும் விரலால் மீட்டி, கூடவே மெல்லிய குரலில் பாடுவார். தேர்ந்த வித்வான்கள் வந்து அமைதியாக உட்கார்ந்து கேட்டார்கள். சிறு சத்தம் எழுந்தாலும் வாசிப்பை நிறுத்திவிடுவார் என்று சொல்வார்கள். 1930களில் பதிவான அவருடைய இசைத்தட்டுகள் சில இன்றும் கேட்கக் கிடைக்கின்றன. தட்டின் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிடம்தான். வெள்ளிக்கிழமை மாலையின் நிதானம் அதற்குள் அடங்காது.

இந்தக் கதையை இசை விமர்சகர்கள் அவருடைய மேதைமைக்குச் சான்றாகச் சொல்கிறார்கள். நான் அதை வீட்டின் கதையாக வாசிக்கிறேன். தேவதாசி மரபில் சொத்து தாய்வழியில் மகளுக்குப் போனது. பாட்டி காமாட்சி, தாய் சுந்தரம்மாள், தனம்மாள், பேத்திகள் பிருந்தா, முக்தா, பாலசரஸ்வதி என்று கலையும் அதே வழியில் இறங்கியது. குடும்பப் பெண்கள் வீட்டில் பாடினால் அது கொலுவுக்கும் தாலாட்டுக்கும்தான். அந்நிய ஆண்களைத் தன் கூடத்தில் உட்காரவைத்து, அவர்கள் எப்படிக் கேட்க வேண்டும் என்று தீர்மானித்தவள் வேறு வகைப் பெண். அவளைத்தான் ஊர் தாசி என்றது.

அந்த வீட்டைப் பொற்காலமாக்கவும் எனக்கு மனமில்லை. அந்த வாழ்க்கையைப் புரவலர்களின் பணம்தான் தாங்கியது. அதற்குள் பெண்கள் பட்டதை அந்த மரபிலேயே வளர்ந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் 1936இல் நாவலாகவே எழுதினார். தேவதாசி ஒழிப்புச் சட்டம் 1947இல் வந்தது. கொடுமையை ஒழிக்கத்தான் அது வந்தது. ஆனால் பெண் தன் வீட்டில் தன் நிபந்தனையில் பாடலாம் என்ற வழக்கமும் அதோடு சேர்ந்து அவப்பெயராகி மறைந்தது.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். தனம்மாள் பாடியவற்றில் பதங்களும் ஜாவளிகளும் உண்டு. அவற்றில் பேசுபவள் பெண்; எழுதியவர்கள் ஆண்கள். 17ஆம் நூற்றாண்டின் க்ஷேத்ரய்யா தொடங்கி, நம் பக்கத்து ஊர்க்காரர் தருமபுரி சுப்பராயர் வரை அப்படித்தான். 1965 வரை தருமபுரி சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. சுப்பராயர் தனம்மாளுக்காகவே ஜாவளி எழுதினார் என்று இசையுலகம் நெகிழ்ந்து சொல்லும். ஆனால் பாட்டின் முடிவில் நிற்பது அவருடைய முத்திரை. பெண்ணின் ஏக்கத்துக்கு ஆண் சொல் கொடுத்தான். அந்தச் சொல்லுக்குத் தனம்மாள் குரலாலும் விரலாலும் உயிர் கொடுத்தார். வீடு அவருடையது, முத்திரை அவருடையதாகவில்லை.

எங்கள் சமவெளியில் இதற்கு நேர்மாறான பாடகிகள் இருக்கிறார்கள். இழவு வீட்டில் ஒப்பாரி வைக்கும் பெண் அந்த இடத்திலேயே சொல் கட்டுகிறாள். செத்தவரின் ஊர், தொழில், தனக்கு அவர் செய்தது, செய்யாமல் போனது எல்லாம் அதில் வரும். சொத்தில் பங்கு கொடுக்காத அண்ணனை எல்லோர் முன்னாலும் கேள்வி கேட்க அவளுக்குக் கிடைக்கும் ஒரே அவையும் அதுதான். வரி அவளுடையது. ஆனால் அவள் உட்கார்ந்து அழும் வாசல் அப்பனுடையது, அல்லது புருஷனுடையது. மறுநாள் அந்தப் பாட்டும் இல்லை, அதில் அவள் பெயரும் இல்லை. நாங்கள் தமிழ்த்துறையில் அதைச் சேகரித்து "நாட்டுப்புறப் பாடல்" என்று தலைப்பிட்டு, பாடியவர் பெயரை அடைப்புக்குறிக்குள் போடுகிறோம். நானும் அப்படிப் போட்டவள்தான்.

மொட்டைமாடியில் பாடிய என் மாணவி, தன் பாட்டின் கடைசி வரியில் தன் பெயரைச் சேர்த்திருந்தாள். கேட்டவர்கள் சிரித்தார்கள். எனக்கு அது பெரிய விஷயமாகப் பட்டது. தனம்மாளுக்கு வாய்த்த வீடும் ஒப்பாரிக்காரிக்கு வாய்த்த சொல்லும் ஒரே பெண்ணிடம் சேரும்போதுதான் வீட்டுக் கச்சேரி என்ற பெயருக்குப் பொருள் வரும். அதுவரை பாடுகிறவள் மாடியிலும் கேட்க வேண்டியவள் அடுப்படியிலும் இருப்பார்கள்.

அடுத்த கூட்டம் நாமக்கல்லில், எங்கள் வீட்டில். டீயைக் கடையில் சொல்லி ஃபிளாஸ்க்கில் வாங்கி வைத்துவிடப் போகிறேன். தோழிக்கு முன்வரிசையில் இடம் போட்டாயிற்று.