சத்தியமும் பழியும்: சந்தா சாகிபின் முடிவும் வரலாற்றுச் சிறுகதையின் அறமும்

ஆய்வுச் சுருக்கம்
போர்க்கால மாந்தரைப் பற்றிய வரலாற்றுச் சிறுகதை ஒரே ஒரு திருப்பத்தை நம்பி நிற்பது. அத்திருப்பத்தை எங்கிருந்து எடுப்பது என்பது அழகியல் வினா மட்டுமன்று, அற வினாவுமாகும். 1752இல் திருச்சிராப்பள்ளிப் போரின் இறுதியில் நிகழ்ந்த சந்தா சாகிபின் கொலையைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை அவ்வினாவை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: வரலாற்றுச் சிறுகதை, சந்தா சாகிப், இராணி மீனாட்சி, திருவரங்கம், ஊழ்.

முன்னுரை
தமிழில் வரலாற்றுப் புனைவு பெரும்பாலும் நாவலாகவே வளர்ந்தது. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை அடியொற்றிப் பிரபஞ்சன் எழுதிய ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ ஆகியன பதினெட்டாம் நூற்றாண்டைக் கையாண்ட குறிப்பிடத்தக்க நாவல்கள். நாவலில் ஒரு மாந்தரின் செயலுக்குப் பல காரணங்களை அடுக்க இடமுண்டு. சிறுகதையில் அவ்விடம் இல்லை. ஆகவே, முன்பே கதை வடிவம் பெற்றுவிட்ட மரபுரைகள் சிறுகதையாசிரியரை எளிதில் ஈர்க்கின்றன.

இரண்டு சத்தியங்கள்
1732இல் விசயரங்க சொக்கநாதர் மறைந்தபின் இராணி மீனாட்சி திருச்சிராப்பள்ளியில் ஆட்சிப் பொறுப்பேற்றார். வங்காரு திருமலை அவருக்கு எதிராக உரிமை கோரினார். இப்பூசலினூடே நுழைந்த ஆர்க்காட்டு நவாபின் மருமகன் சந்தா சாகிப், இராணியைக் காப்பதாகத் திருக்குர்ஆன் மீது சத்தியம் செய்தார் என்றும், பட்டில் பொதிந்திருந்தது வெறும் செங்கல்லே என்றும் மரபுரை கூறும். கோட்டை அவர் வசமானது; இராணி நஞ்சுண்டு மாண்டார்.

1741இல் மராத்தியர் அக்கோட்டையைக் கைப்பற்றிச் சந்தா சாகிபைச் சிறைப்பிடித்தனர். விடுதலை பெற்று மீண்ட அவர், பிரெஞ்சுத் துணையோடு 1751இல் திருச்சிராப்பள்ளியில் முகம்மது அலியை முற்றுகையிட்டார். மறு ஆண்டு ஆங்கிலப் படையின் நெருக்கடியால் பிரெஞ்சுத் தளபதி லா, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட திருவரங்கத் தீவுக்குப் பின்வாங்கினார். உணவும் உதவியும் அறுபட்ட நிலையில் சந்தா சாகிப், தஞ்சைத் தளபதி மானோஜியிடம் அடைக்கலம் புகுந்தார். வாளின் மீதும் குத்துவாளின் மீதும் ஆணையிட்டுப் பாதுகாப்பளித்த மானோஜியே அவரைக் கொல்வித்தார். இராணிக்குச் சத்தியம் செய்த அதே மண்டபத்தில்தான் அவர் கொல்லப்பட்டார் என்றொரு மரபுரையும் உண்டு.

ஊழ் என்னும் எளிய முடிவு
இவ்விடப் பொருத்தம் ஒரு சிறுகதையை ஏறத்தாழ எழுதித் தந்துவிடுகிறது. முற்பகல் செய்தது பிற்பகல் விளைந்தது என முடித்துவிடலாம். ஆனால் அம்முடிவு சிலவற்றை மறைக்கிறது. சிறைப்பட்டவரின் மீது மைசூர்ப் படையும் மராத்தியரும் முகம்மது அலியும் ஆளுக்கொரு பக்கம் உரிமை கோரினர். ஆங்கிலேயரும் அவரைத் தம் காவலில் வைக்க விரும்பினர். அப்பூசலைத் தீர்க்கும் வழியாகவே கொலை நிகழ்ந்தது. ஆங்கிலத் தளபதி லாரன்சுக்கு அதில் பங்குண்டு எனப் பிரெஞ்சுத் தரப்பு குற்றஞ்சாட்டியது. ஊழ் கொன்றது என்றால் எந்தத் தளபதியும் விடை கூற வேண்டியதில்லை.

மரபுரையின் நினைவும் நடுநிலையானதன்று. திருக்குர்ஆன் மீதான பொய்ச் சத்தியம் செங்கல்லோடும் பட்டோடும் நினைவில் நிற்கிறது. வாளின் மீதான பொய்ச் சத்தியமோ தெய்வ நீதியின் கருவியாகிக் குற்றமற்றதாகிவிடுகிறது. இராணியும் அரசியல் செய்த ஆட்சியாளராக அன்றி, பிறர் தண்டனைக்குக் காரணமான பலியாக மட்டுமே எஞ்சுகிறார். மரபுரையை ஆராயாது ஏற்கும் சிறுகதை இந்த ஓரவஞ்சனையையும் சேர்த்தே ஏற்கிறது.

கேட்கப்படாத சொல்
இப்போரை விரித்தெழுதிய ஆங்கிலேயரான இராபர்ட் ஓர்ம், கொலையை நேரில் கண்டவர் அல்லர். அவர் குறிப்பையும் எச்சரிக்கையோடே கொள்ள வேண்டும். எனினும் அதில் சிறுகதைக்குரிய வேறொரு திறப்பு உள்ளது. நோயால் எழ இயலாது கிடந்த முதியவர், கொல்ல வந்தவனைக் கண்டதும் கையசைத்து, மானோஜியிடம் முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும் என்றார், வந்தவன் செவிசாய்க்கவில்லை. அச்சொல் எதுவென வரலாறு அறியாது. அதைக் கற்பித்து நிரப்பும் கதை வாசகரின் ஆவலைத் தணிக்கும். நிரப்பாது விடும் கதையோ, ஒருவரின் பேச்சுரிமையைப் போர் பறித்ததை உணர்த்தும்.

வெட்டப்பட்ட தலை ஒட்டகத்தின் கழுத்தில் கட்டப்பட்டுத் திருச்சிராப்பள்ளி மதிலை ஐந்து முறை வலம் வந்தது என்றும் ஓர்ம் எழுதுகிறார். திரண்டு நின்று அதைக் கண்ட மக்களின் பார்வை, வென்றவர் தோற்றவர் இருவர் பார்வையினின்றும் வேறானது. லா சரணடைந்தபின் திருவரங்கக் கோயிலை விட்டகல மறுத்து, மூன்றாம் மதிலைத் தாண்டி நுழைவோரை வெட்டுவோம் என்று நின்ற ஓராயிரம் இராசபுத்திர வீரரும் அவர் நூலில் இடம்பெறுகின்றனர். அவர்களுள் ஒருவருடைய பெயரும் அங்கு இல்லை. பெயர் பெற்றோரின் மனத்தைக் கற்பிப்பதினும் இவர்களின் நிலையில் நின்று நோக்குவது புனைவுக்கு நேர்மையான வழியாகும்.

முடிவுரை
உண்மை மாந்தரைப் பற்றிய சிறுகதை ஆதாரத்தை மீறுவதால் மட்டும் பிழைபடுவதில்லை. கச்சிதமான மரபுரைக்கு அடிபணிவதாலும் பிழைபடுகிறது. இரண்டு சத்தியங்களும் பொய்த்தன. இரண்டையும் ஒரே தராசில் நிறுப்பதும், கொலைக்குரிய பொறுப்பை ஊழிடமிருந்து மனிதரிடம் மீட்டளிப்பதும் இவ்வகைச் சிறுகதையின் கடன் எனலாம்.