எழுத்தைத் தேடி வந்தவர்கள்

நவீன ஓவியம் மேனாட்டாருக்குரியது, நமக்கு அதில் பங்கில்லை என ஒதுங்குவோர் நம்மவருள் பலர். உருவம் வரைதல் பற்றிய மார்க்க ஆய்வை இங்கே நான் தொடவில்லை. அதற்குரிய இடம் வேறு. ஷார்ஜாவிலும் தோஹாவிலும் நம் பிள்ளைகள் பொருளீட்டுகின்றனர். அந்நகரங்களின் கலைக்கூடங்களுள் நுழைந்தால் அவர்கள் எதைக் காண்பார்கள் என்பதே என் வினா. இதற்குச் சூடான் நாட்டு ஓவியர் இப்ராஹீம் அஸ்ஸலாஹியே தக்க துணை.

1930இல் உம்முதுர்மானில் பிறந்தவர் அவர். தந்தையார் குர்ஆன் பள்ளி நடத்தியவர். மரப்பலகையில் இறைவசனத்தை எழுதி, மனனமானபின் கழுவி, மீண்டும் எழுதுவது அப்பள்ளிகளின் மரபு. பலகையில் எழுதி ஓதிய நம் முன்னோர்க்கும் இது புதிதன்று.

1954 முதல் 1957 வரை லண்டன் ஸ்லேட் கலைக்கல்லூரியில் பயின்று திரும்பியவர், கார்த்தூமின் கிராண்ட் ஹோட்டலில் தம் படங்களைக் காட்சிக்கு வைத்தார். திறப்பு நாளில் வந்தவர்கள் பிறகு எட்டிப் பார்க்கவில்லை. மீண்டும் வைத்தும் பயனில்லை. மக்களுக்குச் சுவையுணர்வில்லை என்று பழித்திருக்கலாம். நம் கவிஞர்கள் சிலர் அப்படித்தான் செய்கின்றனர். அவரோ தூரிகையை வைத்துவிட்டு நாட்டைச் சுற்றினார். வீட்டுச் சுவர்களையும் கூடைகளையும் தொழுகை விரிப்புகளையும் உற்று நோக்கினார். பின்னர் படத்தின் மூலையில் அஞ்சல் தலையளவில் அரபெழுத்துகளைச் சேர்த்தார். மக்கள் அருகே வந்தனர். எழுத்து படமெங்கும் பரவியது. பிறகு அவ்வெழுத்தையே அவர் உடைத்தார். உடைந்த கோடுகளின் இடையிலிருந்து விலங்கும் செடியும் மனித முகமும் எழுந்தன.

இங்கேதான் எனக்குச் சங்கடம். நூனின் புள்ளி சற்றே விலகினாலும் மாணவனிடம் பலகையைத் திருப்பிக் கொடுக்கும் உஸ்தாது நான். எழுத்தைச் சிதைப்பது அதபுக்கு ஒவ்வாது என்றே முதலில் கருதினேன். ஆனால் அவர் உடைத்தது எழுத்தின் வடிவத்தை; வசனத்தை அன்று. கழுவிய பலகையில் எழுத்து மறைந்தும் ஓதியவன் நெஞ்சில் அது நிற்கவில்லையா? 1961 முதல் 1965 வரை அவர் தீட்டிய ‘மீண்டும் பிறந்த இளமைக் கனவொலிகள்’ என்னும் படத்தை நான் அச்சுப்பிரதியில் மட்டுமே கண்டவன். அதிலுள்ள நெடிய உருவங்களில் அலிஃபின் நிமிர்வும் பிறையின் வளைவும் எனக்குத் தென்பட்டன. ஆயினும் ஒரு குறை சொல்வேன். எழுத்தைக் கண்டு நெருங்கிய கார்த்தூம்வாசி, அது முற்றிலும் மறைந்த படங்களின் முன் மறுபடி அந்நியனாகவே நிற்பான்.

1975இல் அரசைக் கவிழ்க்கும் சதியில் தொடர்புடையவர் என்ற பழியால், விசாரணையின்றி ஆறு மாதங்களுக்கு மேல் சிறையிலிருந்தார். கிடைத்த காகிதத் துண்டுகளில் வரைந்து, காவலர் காணாதவாறு மணலில் புதைத்தார். சிறு துண்டில் தொடங்கி அடுத்தடுத்த துண்டுகளால் படத்தை வளர்க்கும் முறை அங்கே உருவானது. 1984-85இல் வரைந்த ‘தவிர்க்கவியலாதது’ அம்முறையின் முதிர்ந்த கனி: ஒன்பது பலகங்கள், கறுப்பு மை. இதைப் பிக்காசோவின் ‘குவெர்னிகா’வோடு ஒப்பிடுவோர் உண்டு. ஒப்பீடு தவறன்று, போதாது. குவெர்னிகாவை அறிந்தவர் அதில் போரின் அலறலைக் காண்பார். கலம் பிடித்துப் பழகிய கையோ அந்தக் கறுப்புக் கோடுகளில் மை தடித்து மெலியும் இடங்களையும் அறிந்துகொள்ளும்.

அவருடைய ஓவியத் தொகுப்பு 2012இல் ஷார்ஜாவிலும் தோஹாவிலும், 2013இல் லண்டன் டேட் மாடர்னிலும் காட்சிக்கு வந்தது. லண்டனில் அவரை ஆப்பிரிக்க நவீனர் என்று போற்றினர். அரபு நகரங்களில் அதே கோடுகளை எழுத்தாகவும் படிக்க வல்லார் இருந்தனர். ஓதிப் பழகிய நம் பிள்ளைகளும் அவ்வரிசையில் நின்றிருக்கக் கூடியவர்களே; அயலார் என்று தம்மை எண்ணியதால் வாயிலோடு திரும்பியிருப்பார்கள்.

1998இல் ஆக்ஸ்போர்டில் குடியேறிய அவர், முதுமையில் முதுகுவலி வருத்தியபோது மருந்துப் பெட்டிகளைப் பிரித்து அவற்றின் அட்டையில் வரைந்தார். பெரிய பலகங்களைவிட இச்சிறு அட்டைகளே எனக்கு உவப்பானவை. மணலில் புதைத்த துண்டுகளின் நினைவை அவை தருகின்றன. கையில் எடுத்துப் பார்க்கும் அளவில், பலகையைப் போலவே இருக்கின்றன.