வாலில் ஏறிய எடை

எங்கள் கம்பெனியில் மார்க்கர் அடிக்கும் பிளாட்டர் ஒன்று இருக்கிறது. டி-ஷர்ட்டின் முன்பாகம், பின்பாகம், கை, காலர் எல்லாவற்றையும் துணி வீணாகாமல் நெருக்கி அடுக்கி, அசல் அளவிலேயே நீளத் தாளில் வரைந்து தள்ளும். போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கேட்க வேண்டியவர்களிடம் கேட்டுக்கொண்டு, அதில் ஒரு விமானத்தை அடித்தேன். டைகர் மாத். பழைய ஆங்கில மாடல் இதழ் ஒன்றில் வந்த பிளான். ஆறில் ஒரு பங்கு அளவு, இறக்கை முனையிலிருந்து முனைக்கு ஒன்றரை மீட்டர். ஒட்டுப்போடாமல் ஒரே தாளில் வந்து விழுந்தது. திருப்பூரில் இருப்பதற்கு இப்படியும் சில சௌகரியங்கள் உண்டு.

கட்டிங் மாஸ்டர் வந்து எட்டிப் பார்த்தார். "என்னுங்க தம்பி, இது எந்த பையரோட ஸ்டைலு?"

"பிளேனுங்ணா. ரிமோட்ல பறக்கிறது."

கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். "கிரெய்ன் லைன் போட்டிருக்கானுங்களா?"

போட்டிருந்தது. பால்சா மரத்தின் நார் எந்தத் திசையில் ஓட வேண்டும் என்று ஒவ்வொரு துண்டிலும் அம்புக்குறி. நான் அதுவரை அதைக் கவனிக்கவே இல்லை. இலக்கிய விமர்சனம் எழுதுகிறவன் பார்க்காததை, துணி வெட்டுகிறவர் முதல் பார்வையில் பார்த்துவிட்டார். இந்தக் கட்டுரை அங்கே தொடங்கியதுதான்.

பிளான் ஒரு பிரதி. வாசித்தால் மட்டும் போதாது, கட்டிப் பார்க்க வேண்டிய பிரதி. அதில் காரணமில்லாத கோடு கிடையாது. டைகர் மாத்தின் இறக்கைகள் லேசாகப் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். அழகுக்காக என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இது 1931-ல் முதலில் பறந்த பயிற்சி விமானம். முன்சீட்டில் உட்கார்ந்திருப்பவர் ஆபத்தில் பாராசூட்டோடு குதிக்க வேண்டுமென்றால், தலைக்கு மேலே இருக்கும் இறக்கையின் நடுப்பகுதி இடைஞ்சல். அதனால் டி ஹாவிலண்ட் ஆட்கள் அதை முன்னே தள்ளினார்கள். தள்ளியதும் தூக்குவிசையின் மையமும் முன்னால் போய்விட்டது. அதைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர இறக்கைகளைப் பின்னால் சாய்த்தார்கள். ஒரு மனிதன் உயிரோடு வெளியே வரவேண்டும் என்ற கவலை, தாளில் ஒரு சாய்கோடாக நிற்கிறது. நாவலில் இப்படி ஒரு வரி அமைந்தால் நாம் எத்தனை பக்கம் எழுதுவோம்!

பெரிய விமானத்தைச் சின்னதாக்குவதும் ஒருவகை மொழிபெயர்ப்புதான். நீளம் ஆறில் ஒன்றானால் பரப்பு 36-ல் ஒன்று, எடை 216-ல் ஒன்று. அசல் டைகர் மாத்தின் முழு எடை சுமார் 828 கிலோ, வகுத்தால் 3.8 கிலோ வரும். கணக்கு இதுவரை ஒழுங்காக வரும். ஆனால் காற்றை ஆறால் வகுக்க முடியாது. அது அதே காற்று. சின்ன இறக்கை மெதுவாகப் போகும்போது அதே காற்று கெட்டியாக, பிசுபிசுப்பாக நடந்துகொள்ளும். அதனால் பிளான் வரைந்தவர் வாலை ஒரு நூல் பெரிதாக்கியிருக்கிறார், இறக்கையின் குறுக்குவெட்டையும் கொஞ்சம் மாற்றியிருக்கிறார். எங்குமே அதைச் சொல்லிக்கொள்ளவில்லை. வரிக்கு வரி விசுவாசமான மொழிபெயர்ப்பு பறக்காது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. நம் மொழிபெயர்ப்புச் சண்டைகளில் இரு தரப்புக்கும் இந்தத் தாளை அனுப்பி வைக்கலாம்.

என் கதைக்கு வருகிறேன். வால் துண்டுகளுக்கு லேசான மெல்லிய பால்சா என்று பிளானில் தெளிவாக எழுதியிருந்தது. கையில் எடுத்தபோது அது அப்பளம் மாதிரி இருந்தது. இதுவா தாங்கும் என்று தோன்றியது. ஒரு சுற்று தடிமனான மரத்தைப் போட்டேன். ஆசிரியரைத் திருத்திவிட்டேன், அவ்வளவுதான். வாலில் சுமார் 40 கிராம் கூடியது. டைகர் மாத்துக்கு மூக்கு குட்டை, வால் நீளம். வாலில் 10 கிராம் கூடினால் மூக்கில் 25 கிராமுக்குக் குறையாமல் ஈயம் வைக்க வேண்டும். நான் 60 கிராம் வைத்துவிட்டு, மேல் இறக்கைக்குக் கீழே இரண்டு விரலைக் கொடுத்துத் தூக்கிப் பார்த்து, ஏறக்குறைய சரி என்று முடிவு பண்ணினேன். அந்த 'ஏறக்குறைய'தான் என் விமர்சன முறையும்கூட என்பது பிறகுதான் உறைத்தது. பல்லடம் தாண்டி ஒரு தரிசுக் காட்டில் விட்டேன். எழும்பியது, மூக்கைத் தூக்கியது, தூக்கிக்கொண்டே போனது. குச்சியை முழுக்க முன்னால் தள்ளியும் இறங்கவில்லை. நின்றது. இடது பக்கமாகச் சரிந்து விழுந்தது. ஏழு மாத வேலை, 11 விநாடி.

உடைந்ததைப் பொறுக்கிக்கொண்டு வந்தபோது மாஸ்டர் ஆறுதலாகத்தான் சொன்னார். "வெள்ளைக்காரன் பிளானெதுக்குங்க? நம்ம முனிவருங்க எழுதி வெச்ச விமான சாஸ்திரம் இருக்குதல்லோ. அதப் பாத்துச் செஞ்சா என்ன?" போனில் படமும் காட்டினார்.

அவருக்குப் பதில் சொல்லத்தான் ஐந்து பேர் எழுதிய ஒரு கட்டுரையைத் தேடி வாசித்தேன். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் முகுந்தா, தேஷ்பாண்டே, நாகேந்திரா, பிரபு, கோவிந்தராஜு ஆகியோர் 1974-ல் 'வைமானிக சாஸ்திர'த்தை ஆராய்ந்து எழுதியது. பொறியியல் கட்டுரை என்று நினைத்துத்தான் திறந்தேன். இந்தியாவில் எழுதப்பட்ட நல்ல இலக்கிய விமர்சனங்களில் ஒன்று என்று இப்போது சொல்வேன். முதலில் பிரதி எங்கிருந்து வந்தது என்று போகிறார்கள். பரத்வாஜ முனிவர் பெயரில் வழங்கும் அந்த நூல், ஆனேக்கல் சுப்பராய சாஸ்திரி சொல்லச் சொல்ல வெங்கடாசல சர்மா எழுதியது. படங்களை வரைந்தவர் எல்லப்பா, 1923-ல். அடுத்து மொழி. அதன் சமஸ்கிருதம் எளிமையானது, நவீனமானது, 1904-க்கு முந்தியதாக இருக்க முடியாது என்கிறார்கள். அதற்குப் பிறகுதான் படங்களுக்கு வருகிறார்கள். சகுனம், சுந்தரம், ருக்மம், திரிபுரம் என்று நான்கு விமானங்கள். எதுவும் பறக்காது. எழுத்தும் படமும் ஒன்றோடொன்று பொருந்தவே இல்லை. எல்லப்பா ஒரு பொறியியல் கல்லூரியைச் சேர்ந்தவர், நவீன இயந்திரங்களின் சாயல் அங்கிருந்து வந்திருக்கலாம் என்றும் காட்டுகிறார்கள்.

எனக்குப் பிடித்தது அவர்களுடைய நிதானம். சாஸ்திரியைப் பொய்யர் என்று திட்டவில்லை. நூலை வெளியிட்டவர்கள் உண்மைகளை மறைத்தோ திரித்தோ சொன்னதைத்தான் கண்டிக்கிறார்கள். அப்படியும் 2015-ல் மும்பை அறிவியல் மாநாட்டில் அதே நூலை வைத்து ஒருவர் உரையாற்றினார். விமர்சனம் வந்துவிட்டால் பிரதி ஓய்ந்துவிடும் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

எனக்கு 'வைமானிக சாஸ்திரம்' பிடிக்காது என்று இல்லை. அறிபுனைவாக வாசித்தால் சகுன விமானம் நன்றாகவே இருக்கிறது. கவிதையை யாரும் கட்டிப் பறக்கவிடச் சொல்வதில்லை. ஆனால் பிளான் என்று சொல்லிக்கொண்டு வந்தால், கட்டிப் பார்க்கிறவனுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். இதே அளவுகோலைத் தன்னை ஆவணம் என்றும் வரலாறு என்றும் சொல்லிக்கொள்ளும் நம் நாவல்கள் சிலவற்றின் மேல் வைக்கலாம். நான் பாராட்டி எழுதியவற்றில் இரண்டாவது வாலில் கனத்து விழும்.

மாஸ்டரிடம் இதையெல்லாம் சொன்னேன். "அப்ப நம்மூர்ல ஆருமே செய்யலீங்களா?" என்றார். குரலில் வருத்தம் இருந்தது. செய்திருக்கிறார்கள் என்றேன். 1910-ல் மெட்ராஸில் ஓட்டல் நடத்திய டி'ஏஞ்சலிஸ் என்பவர், குதிரை வண்டி கட்டும் சிம்ப்சன் கம்பெனியில் ஒரு இரட்டை இறக்கை விமானம் செய்வித்து, பல்லாவரத்தில் பறந்து காட்டினார். ஆள் கார்சிகாக்காரர். கட்டியது மெட்ராஸ் பட்டறை. மாஸ்டருக்குப் பட்டறைதான் பிடித்தது. "வண்டி கட்டுறவனுக்கு எடை தெரியுமுங்க" என்றார்.

இப்போது இரண்டாவது முறை கட்டுகிறேன். வாலுக்கு அந்த அப்பள பால்சாவேதான், ஒவ்வொரு துண்டையும் நகைத் தராசில் வைத்துப் பார்த்து. துணிதான் பெரும்பாடு. ஊர் முழுக்கத் துணி, எல்லாம் பின்னலாடைத் துணி. இழுத்தால் நீளும், இறக்கைக்கு ஆகாது. குறுக்கும் நெடுக்குமாக நெய்த துணி வேண்டும். கடைசியில் கோட்டுக்கு உள்ளே வைத்துத் தைக்கும் பாலியெஸ்டர் லைனிங் துணி கிடைத்தது. அயர்ன் பாக்ஸ் பட்டால் சுருங்கி முரசு மாதிரி இறுகுகிறது. அயர்ன் பண்ணிக் கொடுத்தது மாஸ்டர்தான், என் கை நடுங்குகிறது என்று பிடுங்கிக்கொண்டார்.

சூலூர்ப் பக்கம் விமானப்படைத் தளம், அங்கே விட முடியாது. உடுமலை ரோட்டில் ஒரு இடம் பார்த்து வைத்திருக்கிறோம். பாலக்காட்டுக் கணவாயிலிருந்து ஆடிக்காற்று அடிக்கிறது, காற்றாலைகள் நிற்காமல் சுற்றுகின்றன. ஐப்பசி வரட்டுமுங்க என்கிறார் மாஸ்டர்.